கிராமத்தின் கணக்காளர் ஜே. சி. குமரப்பா

மழை விடாது பெய்யும் ஆடி மாதத்தில் வட்டவளைப் பக்கத்துப் பழைய லயம் ஒன்றினுள் நுழைய நேர்ந்தால், அடுப்புக்கு மேலேயுள்ள பரணைச் சற்று நிமிர்ந்து பாருங்கள். மிளகாயும், விதைக்கென எடுத்து வைத்த அவரையும் புகையிலே காய்ந்துகொண்டிருக்கும். வெயிலை நம்ப முடியாத மலையில் நம் பாட்டிமார் கண்ட வழி அது. அதனைக் கல்வி என்று நாம் மதிப்பதில்லை. ஆனால் இத்தகைய கைவேலைகளையே பாடமாக்கி, அவற்றைக் கற்பிப்பதற்கென்றே தம் வாழ்வை அளித்தார் ஒருவர். அவர் லண்டனில் கணக்காளராகப் பயின்றவர். நம்மைப் போல் தமிழர், கிறிஸ்தவர்.

ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் 1892 ஜனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் பிறந்தார். லண்டனில் பட்டயக் கணக்காளராகி, பம்பாயில் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்கா சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் வறுமைக்கும் அரசாங்க வரி, செலவுகளுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். பிறருடைய கணக்குப் புத்தகங்களைச் சரிபார்த்த கண், அப்போதுதான் ஒரு நாட்டின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தது. எங்கே போகிறது இந்தப் பணம் என்று கேட்டவர், அதன் பிறகு பழைய மனிதராக இருக்கவில்லை. கொர்னேலியஸ் என்னும் பெயரை விட்டு, குடும்பத்தின் பழம்பெயரான குமரப்பா என்பதை ஏற்றுக்கொண்டார்.

1929 மே மாதம் தம் ஆய்வை எடுத்துக்கொண்டு சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். உயர்ந்த ஐரோப்பிய உடை, கையில் தடி. சாணமிட்டு மெழுகிய தரையில் அமர்ந்து இராட்டை சுற்றிக்கொண்டிருந்த முதியவரைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றார். அவர்தான் காந்தியடிகள் என்று அறிந்ததும், உடுப்பின் மடிப்புக் கலைவதைப் பொருட்படுத்தாமல் அதே தரையில் அமர்ந்துவிட்டார். குஜராத்தின் மாத்தர் வட்டாரத்துக் குடியானவர்களின் வரவு செலவை ஆராயும் பணி அவர் கைக்கு வந்தது. மாணவர்களோடு ஊர் ஊராகச் சென்று, எவ்வளவு விளைகிறது, எவ்வளவு கடன், என்ன உண்கிறார்கள் என்று எழுதினார்.

1934இல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கப்பட்டபோது அதனை நடத்தும் பொறுப்பு அவருடையதாயிற்று. வார்தாவில் ஜம்னாலால் பஜாஜ் அளித்த நிலத்தில் அமைந்த மகன்வாடி அதன் இல்லம். அங்கே நெல் குத்தவும், செக்காட்டவும், பனைவெல்லம் காய்ச்சவும், தேனீ வளர்க்கவும், கையால் காகிதம் செய்யவும், சவர்க்காரம் காய்ச்சவும் கற்றுக்கொடுத்தார்கள். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் விளக்கு ஒன்றையும் செய்தார்கள். இவற்றையெல்லாம் மக்கள் கண்ணால் காண்பதற்கென 1938இல் ஒரு காட்சிசாலையும் திறக்கப்பட்டது. பட்டதாரிகளும் உரலண்டை நிற்க வேண்டியதாயிற்று!

உரல் எதற்கு என்று கேட்பீர்கள். ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசியில் தவிடு போய்விடுகிறது. தவிட்டோடு பி உயிர்ச்சத்தும் போகிறது. அது குறைந்தால் பெரிபெரி என்னும் நோய் வருகிறது. கைக்குத்தல் அரிசியில் சத்தும் தங்கும், குத்தியவள் கூலியும் ஊரிலேயே தங்கும். பனைவெல்லத்துக்கும் அவர் இதுபோன்ற ஒரு கணக்கு வைத்திருந்தார். பனை தரிசில் நிற்கிறது. கரும்போ நெல் விளையும் நல்ல நிலத்தைக் கேட்கிறது. இனிப்பைப் பனையில் எடுத்தால் அந்த நிலம் சோற்றுக்கு மிஞ்சும்.

மலையாள நாட்டிலே நெல்வயல்கள் தென்னந்தோப்புகளாகி, அந்தத் தேங்காயின் எண்ணெய் சவர்க்கார ஆலைகளுக்குப் போவதைக் கண்டு அவர் கடிந்து எழுதினார். சோறு விளைந்த மண்ணில் சவர்க்காரம் விளைகிறது என்பது அவர் குறை. வாசகரே, நாம் வாழும் மலையைப் பாருங்கள். அடிவாரம் முதல் உச்சி வரை கொழுந்து. கொழுந்தை அவித்துத் தின்ன முடியாது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது இந்நாடே தவித்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினியால் மாண்டோர் உண்டு. பெரட்டுக்குப் போய், பேர் போட்டு, சம்பளமும் வாங்குகிற தொழிலாளி பட்டினி கிடந்தது எப்படி? பணப்பயிர் மட்டும் விளையும் இடத்தில், கப்பல் வராவிட்டால் கையிலுள்ள காசு வெறும் காசுதான்.

அந்தக் காசைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். உலகப் போரின்போது பிரிட்டிஷ் அரசாங்கம் இந்தியாவின் தானியத்தையும் பொருள்களையும் எடுத்துக்கொண்டு பதிலுக்குக் காகித நாணயம் அச்சிட்டுத் தந்ததை, அப்பம் கேட்ட பிள்ளைக்குக் கல்லைக் கொடுப்பதாக வர்ணித்துக் கட்டுரை தீட்டினார். நற்செய்தியிலிருந்து எடுத்த அந்தத் தலைப்பும் அவரைச் சிறைக்கு அனுப்பத் துணை செய்தது. ஜபல்பூர் சிறையில் அவர் எழுதிய நூல்கள் இரண்டு: ஒன்று இயேசுவின் போதனையையும் நடைமுறையையும் பற்றியது, மற்றது நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இரண்டுக்கும் காந்தியடிகளே முன்னுரை வழங்கினார். தோப்பில் புகுந்து பறித்துத் தின்னும் குரங்கையும், கூட்டுக்காகத் தேன் சேர்க்கும் தேனீயையும், குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவையையும் காட்டி மனிதரின் பொருளாதாரத்தைத் தரம் பிரிக்கும் பகுதி இரண்டாம் நூலில் வருகிறது. குரங்கு நம் தோட்டத்து மரக்கறிப் பாத்திக்கு என்ன செய்யும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு தடையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சொந்தமாக ஒரு பேர்ச் காணியும் இல்லாதவனிடம், நீயே பயிரிட்டு உண் என்று உபதேசிப்பது கேலியாகிவிடும். லயத்து முற்றத்துப் பாத்தி எத்தனை பேருக்குச் சோறு போடும்? குமரப்பா இதனை அறியாதவரல்லர். சுதந்திரத்திற்குப் பின் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவின் தலைவர் அவரே. உழுபவனுக்கே நிலம் என்பது 1949இல் அக்குழு தந்த அறிக்கையின் சாரம். கைத்தொழில் கற்பித்தவர் நிலத்தையும் சேர்த்தே கேட்டார். இந்த இரண்டாவது பாடத்தை அவரைப் புகழ்வோர் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

இயந்திரங்கள் மீது அவருக்கிருந்த கடுமை சில இடங்களில் அளவு மீறியது என்பது என் எண்ணம். கோபக்காரர் என்றும் பெயர் எடுத்தார். சுதந்திர இந்தியா பெரிய ஆலைகளின் பக்கம் திரும்பியபோது, நண்பர்களாயிருந்த ஆட்சியாளரையும் அவர் விட்டுவைக்கவில்லை. மணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்த அவர், இறுதிக் காலத்தில் உடல்நலம் குன்றி, மதுரை மாவட்டத்துத் தே. கல்லுப்பட்டியிலுள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் ஒரு குடிலில் தங்கினார். அக்குடிலில் ஏழைக் குடியானவன் ஒருவனின் படம் இருந்தது. அது யார் என்று கேட்டவர்களுக்கு, தம் குருவான காந்திக்கும் குரு அவனே என்று விளக்குவாராம்.

காந்தியடிகள் சுடப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் நிறைவுற்ற அதே தேதியில், 1960 ஜனவரி 30ஆம் நாள், குமரப்பா காலமானார்.