இல்லாத காலின் வலியை எழுதிவைத்த வைத்தியர்

சின்னம்மாவின் இடது கால் 2009 ஏப்ரலில், மாத்தளனில் விழுந்த ஷெல்லோடு போனது. முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஆனால் மழை இருட்டிக்கொண்டு வரும் இரவுகளில் அந்தக் காலின் பெருவிரல் எரியத் தொடங்கும். பொய்க்காலைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டு, பாயில் கால் இருக்கவேண்டிய இடத்தைத் தடவிக்கொண்டிருப்பார். ஒருமுறை கிளினிக்கில் இதைச் சொன்னபோது, அதெல்லாம் மனப்பிரமை என்று பனடோல் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு அவர் இதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. இப்படிப் பேசாமல் இருப்பவர்கள் எங்கள் ஊர்களில் எத்தனை பேர் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

நான் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்த காலத்தில், கற்பனைக் கதையைச் செய்தியென்று மக்கள் நம்பிவிடுவதற்கு உதாரணமாக ஒரு அமெரிக்கக் கதை விரிவுரையில் வந்தது. 1866 ஜூலையில் அட்லாண்டிக் மந்த்லி சஞ்சிகையில், எழுதியவர் பெயர் இல்லாமல் வெளியான கதை அது. ஜோர்ஜ் டெட்லோ என்ற இராணுவ வைத்தியர் உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழக்கிறார். பிறகு சிக்கமோகா சண்டையில் இரண்டு கால்களும் போகின்றன. கடைசியில் புண் அழுகி மற்றக் கையும் போகிறது. நான்கும் போன பின்னும் அவை இருப்பதாகவே அவருக்கு உணர்வு. வாசகர்கள் இதை உண்மையென்று நம்பினார்கள். டெட்லோவுக்கென்று காசு சேர்த்தார்கள். சிலர் பிலடெல்பியாவில் அங்கம் இழந்தவர்களுக்கான வைத்தியசாலைக்கே அவரைத் தேடிப் போனார்கள். இதையெல்லாம் பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துபோனேன். எழுதியவர் யார் என்று தேடிப் பார்த்தது பல வருடங்கள் கழித்து, சின்னம்மாவின் கால் எரிந்த ஓர் இரவில்தான்.

அவர் பெயர் சைலஸ் வெயர் மிச்செல். 1829இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். தகப்பனும் வைத்தியர். ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் 1850இல் பட்டம் பெற்று, பாரிஸ் போய்ப் படித்துவிட்டுத் திரும்பினார். போருக்கு முன்னர் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பாம்பு விஷம் பற்றிய ஆராய்ச்சி. 1861இல் போர் தொடங்கியது. அடுத்த வருடம் மனைவி தொண்டைக்கரப்பானில் இறந்தார். கையில் இரண்டு ஆண் பிள்ளைகள்.

அந்தப் போரில் பாவித்த ரவை மென்மையான ஈயத்தால் ஆனது. உடம்பில் பட்டதும் பரந்து எலும்பை நொறுக்கும். கையோ காலோ நொறுங்கினால் வெட்டி எடுப்பதே அன்றைய வைத்தியம். வடக்குப் படையில் மட்டும் சுமார் 30,000 பேருக்கு அங்கம் வெட்டப்பட்டது. உயிர் தப்பியவர்களில் ஒரு கூட்டம் எந்த வைத்தியசாலைக்கும் பாரமாக இருந்தது. அவர்களது காயம் ஆறியிருந்தது, வலி ஆறவில்லை. அப்படிப்பட்டவர்களை ஒரே இடத்தில் சேர்க்கச் சொல்லி, இராணுவத்தின் தலைமை வைத்தியராக இருந்த நண்பர் வில்லியம் ஹமண்ட் உதவியதில், பிலடெல்பியாவின் ஒதுக்குப்புறத்தில் டேர்னர்ஸ் லேன் வைத்தியசாலை உருவானது. 400 கட்டில்கள். நரம்புக் காயங்களுக்கு மட்டும். மிச்செலுடன் ஜோர்ஜ் மோர்ஹவுஸ், வில்லியம் கீன் என்ற இரு வைத்தியர்களும் வேலை செய்தார்கள்.

மூன்று பேரும் செய்த பெரிய வேலை கேட்டு எழுதியதுதான். கை இருக்கிறது, ஆனால் நரம்பில் காயம். தோல் சிவந்து பளபளக்கிறது. கை நெருப்பில் கிடப்பதுபோல் எரிகிறது. இப்படிப்பட்டவர்கள் நாள் முழுக்க ஈரத்துணி சுற்றிக்கொண்டு திரிந்தார்கள். சிலர் சப்பாத்துக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நடந்தார்கள். யாராவது வார்டுக்குள் அழுத்தி நடந்தாலோ பத்திரிகையைப் புரட்டினாலோ வலி கூடியது. இதையெல்லாம் பைத்தியம் என்று தள்ளிவிடாமல் ஒவ்வொருவரின் காயத்தோடும் சேர்த்துக் குறித்துவைத்தார்கள். 1864இல் அவை ஒரு புத்தகமாக வந்தன. எரியும் வலிக்கு மிச்செல் பின்னர் வைத்த பெயர் கோசால்ஜியா. ஷெல் துண்டு நரம்பைக் கிழித்துக்கொண்டு போனவர்களுக்கு இந்த வலியை யாரும் விளக்கத் தேவையில்லை.

மருந்தென்று இருந்தது மோர்பின். ஒரே வருடத்தில் 40,000க்கு மேற்பட்ட தடவை அந்த வைத்தியசாலையில் மோர்பின் ஊசி போடப்பட்டது. அந்த எண்ணிக்கையைப் படித்த அன்று எனக்கு வேறொன்றும் ஓடவில்லை.

இன்னொன்றும் செய்தார்கள்: மின்சாரம். உறைந்துபோன தசைகளுக்கு மின்சாரம் பாய்ச்சிப் பார்ப்பது அங்கே அன்றாட வேலை. தோளோடு கை போன ஒருவருக்கு, இல்லாத கையின் உணர்வு நீண்ட காலத்துக்கு முன்னரே மறைந்துவிட்டிருந்தது. மிச்செல் தோளில் மின்சாரம் பாய்ச்சியதும் அந்தக் கை திரும்பி வந்துவிட்டதென்று அந்த மனிதர் அலறினார். மின்சாரத்தை நிறுத்தியதும் கையும் போய்விட்டது. கை போனாலும் அதன் நரம்புப் பாதை உயிரோடு இருக்கிறது, வெளியிலிருந்து அதைத் தட்டி எழுப்பலாம் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

டெட்லோ கதைக்கு அடித்தளம் இந்த வார்டுதான். கதை தன் விருப்பத்தோடு அச்சேறவில்லை என்றே மிச்செல் சொல்லிவந்தார். எப்படியோ, அது அவரைத் துரத்தியது. கதையின் முடிவில் ஆவிகளை அழைக்கும் கூட்டமொன்றில் டெட்லோவின் வெட்டிய கால்கள் ஒரு நிமிடத்துக்குத் திரும்பி வருகின்றன. அதையும் நம்பியவர்கள் இருந்தபடியால், 1871இல் லிப்பின்கொட்ஸ் சஞ்சிகையில் தன் பெயரிலேயே ஒரு கட்டுரை எழுதி, இந்த உணர்வுக்கு ஒரு பெயரும் வைத்தார்: பேயுறுப்பு. மறு வருடம் வந்த புத்தகத்தில் கணக்கும் இருந்தது. அங்கம் இழந்த 90 பேரில் 86 பேருக்கு இல்லாத அங்கம் இருப்பதாக உணர்வு. சிலருக்குக் கை சுருங்கி முழங்கைக்குக் கிட்ட வந்துவிடும். சிலருக்கு விரல்கள் மடங்கி இறுகியபடியே இருக்கும், எவ்வளவு முயன்றாலும் விரிக்க முடியாது.

இவ்வளவும் படித்துவிட்டு அவரைக் கும்பிடப் போன நேரத்தில்தான் மற்றப் பக்கமும் கண்ணில் பட்டது. அதே 1864இல் அதே மூவரும் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். நோய் நடிக்கும் படையாட்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது பற்றியது. சந்தேகம் வந்தால் ஈதர் கொடுத்து மயக்குவார்கள். மயக்கம் தெளியும்போது காது கேளாதவர் பதில் சொன்னாலோ, அசையாத கை அசைந்தாலோ, அவர் திரும்பவும் படைக்கு. இராணுவச் சம்பளம் வாங்கும் வைத்தியர் வேறென்ன செய்வார் என்று கேட்கலாம். ஆனாலும் ஒரு வார்டில் வலியை நம்பியவர்கள் அடுத்த கட்டிலில் அதைப் பொய்யென்று நிரூபிக்க முயன்றார்கள் என்பது என்னை விட்டுப் போகவில்லை.

போருக்குப் பிறகு அவர் பணக்காரர்களின் நரம்பு வைத்தியரானார். களைத்துப்போன பெண்களுக்கு ஆறு, எட்டுக் கிழமை கட்டிலை விட்டு இறங்காமல், வாசிக்காமல், எழுதாமல், பாலும் மசாஜுமாகக் கிடக்கும் ஓய்வுச் சிகிச்சையை விதித்தார். 1887இல் அவரிடம் போன எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மனுக்கு அந்தச் சிகிச்சை பைத்தியத்தின் விளிம்பு வரை போனது. ஐந்து வருடங்களில் அவர் எழுதிய 'மஞ்சள் சுவர்க் காகிதம்' என்ற சிறுகதை இன்றைக்கும் மிச்செலைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருக்கிறது. சிப்பாயைக் கேட்டு எழுதிய காது, பெண்ணிடம் அடைத்துக்கொண்டது. என் சின்னம்மா 1880களின் பிலடெல்பியாவில் இருந்திருந்தால் அவரிடம் என்ன கேட்டிருப்பார் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

மிச்செலின் மின்சாரம் பிறகு உடம்புக்குள்ளேயே போனது. 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பற்றிக் வோலும், முள்ளந்தண்டில் ஒரு கதவு இருப்பதுபோல வலி மூளைக்குப் போகும் வழியை அடைக்கலாம் என்று ஒரு கோட்பாட்டை வெளியிட்டார்கள். 1967இல் நோர்மன் ஷீலி, புற்றுநோய் வலியில் இருந்த ஒருவரின் முள்ளந்தண்டு வடத்தருகே முதன்முதலில் மின்முனையைப் பொருத்தினார். இன்று மெல்லிய வயர்களும், இதயத்துக்கு வைக்கும் பேஸ்மேக்கர் போன்ற பெட்டியும் தோலுக்கடியில் வைக்கப்படுகின்றன. மிச்செலின் எரியும் வலிக்கு நெருங்கிய உறவான ஒரு நோயில் நெதர்லாந்தில் நடந்த ஆய்வு 2000இல் வெளியானது. 54 பேர். ஆறு மாதத்தில் கருவி வைத்தவர்களுக்கு வலி குறைந்தது. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பகுதியினருக்கும் இடையில் உறுதியாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை.

இந்த ஆராய்ச்சியில் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பழைய கருவி வேலை செய்யும்போது உடம்பில் கூச்சம் தெரியும். ஆகவே மின்சாரம் வருகிறதா இல்லையா என்று நோயாளிக்குத் தெரிந்துவிடும். நம்பிக்கையே வலியைக் குறைத்திருக்கலாம் அல்லவா? கூச்சம் தெரியாத புதிய முறை வந்த பின்னர், நோர்வேயில் முதுகுச் சத்திரசிகிச்சைக்குப் பின்னும் வலி மாறாத 50 பேருக்கு, அவர்களுக்குத் தெரியாமல் மூன்று மூன்று மாதமாகக் கருவியை இயக்கியும் நிறுத்தியும் பார்த்தார்கள். 2022இல் வந்த முடிவில் இரண்டு காலத்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அங்கம் இழந்தவர்களிடம் செய்த ஆய்வல்ல அது. கருவியால் வலி தணிந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் வெளிநாட்டில் ஒரு கருவி இருக்காம் என்று நம்பிக் காணி விற்க யோசிப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மிச்செல் 1914 ஜனவரியில் இறந்தார். அதற்கு முன்னர் நடந்த ஒரு காரியம்தான் எனக்கு அவர் வாழ்க்கையில் ஆகப் பிடித்தது. அவருடைய மூத்த மகனும் வைத்தியரானார். போர் முடிந்து முப்பது வருடங்களுக்குப் பின்னர், தகப்பனின் பழைய நோயாளிகள் எப்படி இருக்கிறார்கள் என்று தேடி விசாரித்து, 1895இல் ஒரு புத்தகம் போட்டார். நரைத்துப்போன அந்தச் சிப்பாய்களிடம் ஒருவர் திரும்பவும் போய்க் கேட்டிருக்கிறார், இன்னும் வலிக்கிறதா என்று.

போன கிழமை இதையெல்லாம் சின்னம்மாவிடம் சொன்னேன். சப்பாத்துக்குள் தண்ணீர் ஊற்றியவர்களைப் பற்றிச் சொன்னபோது, இல்லாத காலுக்கு எங்கே ஊற்றுவது என்று கேட்டுச் சிரித்தார். பிறகு 90 பேரில் 86 பேர் என்ற கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மிச்சம் நாலு பேர்தானா என்று கேட்டார். ஓம் என்றேன். திரும்பவும் கேட்டார்.