நம் கால்வாய்க் கரைக் குருவியும் எட்வர்டு பிளைத்தும்



மாமல்லபுரம் பக்கம் பக்கிங்காம் கால்வாய்க் கரையில் காலை நடைக்குப் போகிறவரா நீங்கள்? பங்குனி மாதத்தில் கரையோரப் புதருக்குள்ளிருந்து, நாக்கைத் தட்டுவது போல டக், டக் என்று சத்தம் கேட்டால் ஒரு நிமிடம் நில்லுங்கள். மங்கலான பழுப்பு நிறத்தில், சிட்டுக்குருவியை விடச் சிறிய பறவை ஒன்று உள்ளே இருக்கும். அதன் பெயர் பிளைத் நாணல் கதிர்க்குருவி. குளிர்காலத்தை நம் ஊரில் கழித்துவிட்டு, ஏப்ரல் வாக்கில் ரஷ்யா, மத்திய ஆசியா பக்கம் கூடு கட்டக் கிளம்பிவிடும்.

அந்தப் பிளைத் யார்? இந்தியப் பறவையியலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். 1810-இல் லண்டனில் பிறந்த எட்வர்டு பிளைத், சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். மருந்துக்கடை வைத்தார். கவனமெல்லாம் பறவைகள் மேல் இருந்ததால் கடை நொடித்தது. 1841-இல் கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் காப்பாளராக வந்தார். பயணத்துக்கே முன்பணம் வாங்க வேண்டிய நிலை.

ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அதே வேலை. நாடெங்கிலுமிருந்து அன்பர்கள் அனுப்பிய பறவைத் தோல்களை ஒப்பிட்டு, பெயரிட்டு, பதிவேட்டில் ஏற்றினார். ஒரே மாதிரி தெரியும் இரண்டு கையெழுத்துகளைப் பிரித்தறிவது எவ்வளவு சிரமம் என்று வங்கியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். கதிர்க்குருவிகளும் அப்படித்தான். 1849-இல் இந்தக் குருவியைத் தனி இனமாக அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதன் லத்தீன் பெயருக்கே புதர்க்காட்டில் வாழ்வது என்று பொருள்.

சம்பளம் போதவில்லை. உயர்த்தக் கேட்டும் பலனில்லாமல், உயிருள்ள விலங்குகளை வாங்கி விற்றும் பார்த்தார். 1854-இல் திருமணம்; 1857-இல் மனைவி இறந்தார். உடல்நலம் குன்றி 1862-இல் இங்கிலாந்து திரும்பினார். கடைசிக் காலத்தில் சிறு ஓய்வூதியம்தான் துணை. 1873 டிசம்பரில் காலமானார். ஆனால் டார்வின், 1859-இல் வெளியான தன் புகழ்பெற்ற நூலின் முதல் அத்தியாயத்திலேயே பிளைத்தின் கருத்தைத் தான் மிகவும் மதிப்பதாக எழுதியிருக்கிறார்.

இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன்? கால்வாய்க் கரையைச் சுத்தம் செய்யலாம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் முதலில் வெட்டப்படுவது புதர்தான். பிளாஸ்டிக்கை அள்ளுங்கள், நானும் வருகிறேன். புதரை மட்டும் ஏப்ரல் முடியும் வரையாவது விட்டு வையுங்கள். பத்துப் பன்னிரண்டு கிராம் எடையுள்ள அந்தக் குருவி, பல ஆயிரம் கிலோமீட்டர் பறக்கத் தேவையான பூச்சிகளை அங்கேதான் தின்று சேர்த்துக்கொள்கிறது.

அடுத்த ஞாயிறு காலை ஆறரை மணிக்கு, பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, காது போதும்.