சர்க்கரையின் வழி கண்ட கெர்ட்டி கோரி அம்மையார்

அறிவியல் வளர்த்த பெண்மணி என்றதும் நம் நினைவில் முதலில் தோன்றுபவர் மேரி கியூரி அம்மையார். ஆனால் நாம் உண்ணும் ஒரு கவளம் சோறு சர்க்கரையாக மாறிய பின் உடலில் எங்கே சேமிக்கப்படுகிறது, தேவைப்படும்போது எப்படித் திரும்ப எடுக்கப்படுகிறது என்பதை உலகுக்கு விளக்கிய மற்றோர் அம்மையாரும் உண்டு. மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. அவர்தாம் கெர்ட்டி தெரசா கோரி.

இன்று செக் குடியரசின் தலைநகராக விளங்கும் பிராக், அன்று ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசைச் சேர்ந்திருந்தது. அந்நகரில் 1896ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், ஒரு யூதக் குடும்பத்தில் மூன்று பெண்களுள் மூத்தவராகக் கெர்ட்டி பிறந்தார். தந்தை ஓட்டோ ராட்னிட்ஸ் வேதியியல் கற்றவர். சர்க்கரை ஆலைகளை நிர்வகித்தவர். சர்க்கரை ஆலைக்காரரின் மகள் தம் வாழ்நாள் முழுவதையும் சர்க்கரையின் இரகசியத்தை அறிவதிலேயே செலவிட்டது வியப்புக்குரியதன்றோ!

அக்காலத்தில் அங்கே பெண்களின் பள்ளிகளில் மொழியும் கலையும் நல்ல பழக்கங்களும் கற்பிக்கப்பட்டன. பல்கலைக்கழகத்தில் சேருவதற்கு வேண்டிய பாடங்கள் அவற்றில் இல்லை. பதினாறாம் வயதில் மருத்துவம் படிக்க வேண்டும் என்று கெர்ட்டி முடிவு செய்தபோது அவருக்கு லத்தீன் தெரியாது; கணிதமும் இயற்பியலும் வேதியியலும் போதிய அளவு தெரியா. எட்டு ஆண்டுகளில் கற்க வேண்டிய லத்தீனையும், ஐந்து ஆண்டுகளில் கற்க வேண்டிய அறிவியல், கணிதப் பாடங்களையும் ஏறக்குறைய ஓராண்டில் கற்றுத் தேர்வில் வென்றார். நம்மை விட ஓரிரு வயதே மூத்த ஒரு பெண் செய்த செயல் இது!

1914இல் பிராக் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். அங்கே உடன் பயின்றவர் கார்ல் கோரி. இருவருக்கும் மலையேறுவதில் விருப்பம். அதனினும் பெரிய விருப்பம் ஆராய்ச்சியில். 1920இல் இருவரும் பட்டம் பெற்றனர். அதே ஆண்டு கெர்ட்டி கத்தோலிக்க மறையைத் தழுவிக் கார்லை மணந்தார். முதல் உலகப் போர் முடிந்திருந்த அந்நாட்களில் வியன்னா நகரில் உணவுக்கே பஞ்சம். குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய கெர்ட்டிக்குச் சத்துக் குறைவால் கண் நோய் கண்டது. யூதர் மீதான வெறுப்பும் நாளுக்கு நாள் வளர்ந்தது. ஆகவே 1922இல் இருவரும் அமெரிக்காவிலுள்ள பஃபலோ நகருக்குச் சென்றனர்.

அங்கும் சோதனை காத்திருந்தது. கணவருடன் சேர்ந்து ஆராய்ச்சி செய்வதை நிறுத்தாவிட்டால் வேலை போய்விடும் என்று கெர்ட்டி எச்சரிக்கப்பட்டார். அவர் நிறுத்தவில்லை. கார்லை அழைத்த பல்கலைக்கழகங்களுள் சில, மனைவிக்கு இடமில்லை என்றன. கணவரின் முன்னேற்றத்திற்குத் தடையாக இருப்பதாகக் கெர்ட்டியிடம் நேரிலேயே கூறியவர்களும் உண்டு. கார்லோ, மனைவியின்றித் தம் ஆராய்ச்சி இல்லை என்று உறுதியாக நின்றார். 1931இல் செயிண்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் இருவரையும் ஏற்றது. கணவருக்குத் துறைத்தலைவர் பதவி. மனைவிக்கோ உதவி ஆராய்ச்சியாளர் வேலையும் மிகச் சிறு ஊதியமும். முழுப் பேராசிரியர் பதவி பெற அவர் பதினாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இனி அவர்கள் கண்ட உண்மைகளைப் பார்ப்போம். விளையாட்டு விழாவில் நாம் மூச்சு வாங்க ஓடும்போது தசைகளில் சேமித்திருந்த கிளைக்கோஜன் கரைந்து லாக்டிக் அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் இரத்தத்தின் வழியே கல்லீரலை அடைந்து மீண்டும் சர்க்கரையாகிறது. அச்சர்க்கரை இரத்தத்தில் கலந்து தசைக்கே திரும்புகிறது. 1929இல் வெளியிடப்பட்ட இந்த விளக்கம் இன்றும் 'கோரி சுழற்சி' என்றே அழைக்கப்படுகிறது.

கிளைக்கோஜன் என்பது குளுக்கோஸ் என்னும் சர்க்கரை மூலக்கூறுகள் கோக்கப்பட்ட கிளைவிட்ட சரம். மல்லிகைச் சரத்திலிருந்து பூவை ஒவ்வொன்றாகக் கழற்றுவது போல இந்தச் சர்க்கரையைக் கழற்றுவது யார்? 1936இல் தவளையின் தசையை ஆராய்ந்தபோது, கழன்று வரும் சர்க்கரை ஒரு பாஸ்பேட்டுடன் இணைந்து வருவதைக் கண்டனர். அப்பொருளுக்குக் 'கோரி எஸ்டர்' என்று பெயர் வந்தது. இவ்வேலையைச் செய்யும் நொதிக்குப் பாஸ்பாரிலேஸ் என்று பெயரிட்டனர். 1939இல் அதே நொதியைக் கொண்டு சோதனைக் குழாயிலேயே கிளைக்கோஜனை உண்டாக்கிக் காட்டினர்! உயிருள்ள செல்லுக்கு வெளியே இத்தகைய பெரிய மூலக்கூறை உருவாக்கியது அறிவியல் உலகையே வியக்க வைத்தது.

நம் நாடு விடுதலை பெற்ற அதே 1947இல் கோரி தம்பதியருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஹூசே அவர்களும் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் பரிசு வருமுன்பே கெர்ட்டியின் எலும்பு மஜ்ஜையைத் தீராத நோய் தாக்கியிருந்தது. அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. ஆயினும் பத்து ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தை விட்டு அவர் அகலவில்லை. அயர்ச்சி மிகும்போது படுத்து எழ அங்கேயே ஒரு சிறு கட்டில் போட்டிருந்தார்.

அவரது மிக அரிய கண்டுபிடிப்புகளுள் ஒன்று அந்நோய்க் காலத்தில்தான் பிறந்தது. சில குழந்தைகளுக்குக் கல்லீரலில் கிளைக்கோஜன் குவிந்து வயிறு பெருத்துவிடும். அத்தகைய குழந்தைகளின் கல்லீரல் துணுக்குகளை ஆராய்ந்து, 1952இல், அவர்களிடம் ஒரு குறிப்பிட்ட நொதி இல்லை என்று மெய்ப்பித்தார். பிறவி நோய் ஒன்றுக்கு ஒரு நொதியின் குறைவே காரணம் என்று காட்டிய முன்னோடி ஆய்வுகளுள் அதுவும் ஒன்று. 1957 அக்டோபர் 26 அன்று அம்மையார் மறைந்தார்.

அம்மையாரின் கதை அத்துடன் முடியவில்லை. 1944இல் அவர்களது ஆய்வுக்கூடத்தில் சில மாதங்கள் பணியாற்றிய லூயி லெலுவார், பின்னர் அர்ஜென்டினாவில் ஒரு புதிய உண்மையைக் கண்டார். உடலுக்குள் கிளைக்கோஜன் சரத்தில் சர்க்கரையைக் கோப்பது பாஸ்பாரிலேஸ் அன்று, வேறொரு நொதி. பாஸ்பாரிலேஸ் சோதனைக் குழாயில் கோக்கவும் வல்லது என்றாலும், உடலில் அது கழற்றும் வேலையையே செய்கிறது. லெலுவார் 1970இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். கோரி தம்பதியரின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்து பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற அறுவருள் அவரும் ஒருவர்.

இன்று இந்த உண்மை நம் வயிற்றிலேயே பயன்படுகிறது. நம் குடலில் கோடானு கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. சர்க்கரையை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் சேர்க்கும் நொதிகள் அவற்றிடம் ஏராளம். அவற்றைக் கொண்டு சில பாக்டீரியாக்கள் கிளைக்கோஜனைச் சேமிக்கின்றன. பல தம்மைச் சுற்றிச் சர்க்கரைப் போர்வையைப் பின்னிக்கொள்கின்றன. விஞ்ஞானிகள் பாக்டீரியாக்களின் மரபணுக்களைப் படித்து, முன்பே அறிந்த நொதிகளோடு கணிப்பொறியில் ஒப்பிட்டு, இது இன்ன வேலை செய்யும் என்று ஊகிக்கின்றனர். இத்தகைய நொதிகளை நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களாகப் பிரித்துள்ளனர். கோரியின் பாஸ்பாரிலேசுக்கும் அதில் ஒரு குடும்பம் உண்டு; அதன் எண் 35.

ஆனால் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் அனைவரும் ஒரே தொழில் செய்வதில்லையே! தோற்றம் ஒத்திருந்தாலும் ஒரு நொதி கோக்கும், மற்றொன்று கழற்றும். எந்தச் சர்க்கரையை எடுக்கும், எங்கே சேர்க்கும் என்பதும் மாறலாம். ஊகம் வழிகாட்டும், உண்மையைச் சோதனைதான் சொல்லும். கணிப்பொறி ஒப்பிடுவதற்கும் முதலில் யாரேனும் ஒருவர் ஒரு நொதியைத் தூய்மையாகப் பிரித்து, அதன் வேலையைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும். அந்த முதல் வேலையைச் செய்தவர்களுள் ஒருவர் கெர்ட்டி அம்மையார்.

2008இல் அமெரிக்கா அவருக்கு 41 சென்ட் அஞ்சல் தலை வெளியிட்டது. அதில் வரைந்திருந்த கோரி எஸ்டரின் வேதி அமைப்பில் ஒரு சிறு பிழை! துல்லியத்திற்குப் பெயர் பெற்ற அம்மையார் கண்டிருந்தால் திருத்திவிட்டே ஓய்ந்திருப்பார்.

அன்புத் தோழியரே, பாடமில்லை, பதவியில்லை, உடல்நலமும் இல்லை என்ற நிலைகளிலெல்லாம் அவர் கைவிடாதது ஒன்றே: சோதித்துப் பார்க்காமல் எதையும் உண்மை என்று ஏற்காத உள்ளம். ஆய்வுக்கூடத்தில் நாம் சோதனைக் குழாயைக் கையில் எடுக்கும்போது, விடையைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேடாமல், நம் கண்முன் நிகழ்வதை உற்று நோக்குவோம். கெர்ட்டி அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே ஆகும்.