கணிப்பொறி மேதை சீமோர் கிரே

(இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு)



உயர்திறன் கணிப்பொறிகளில் அடுத்த தலைமுறையாக எதை வெளியிடுவது என்று ஒரு நிறுவனம் எப்படி முடிவு செய்கிறது? எது மிக வேகமானதோ அதைத்தான் வெளியிடும் என்று நானும் எண்ணியிருந்தேன். அமெரிக்க மேதை சீமோர் கிரேயின் வாழ்க்கையைப் படித்தபின் அந்த எண்ணம் மாறியது.

1925-ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தில் சிப்பெவா ஃபால்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார் கிரே. மின்பொறியியல் பயின்றார். கன்ட்ரோல் டேட்டா நிறுவனத்தில் அவர் வடிவமைத்த 6600 என்னும் கணிப்பொறி 1964-இல் வெளிவந்து, உலகிலேயே வேகமானது என்று புகழ்பெற்றது. பின்னர் 8600-ஐத் தொடங்கினார். அதே நிறுவனத்தில் ஸ்டார்-100 என்னும் பொறியும் உருவாகி வந்தது. இரண்டையும் தாங்கப் பணமில்லை, 8600 கைவிடப்பட்டது. 1972-இல் கிரே வெளியேறித் தம் பெயரிலேயே ஒரு நிறுவனம் கண்டார். 1976-இல் அவருடைய கிரே-1 லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் நிறுவப்பட்டது. எடை ஏறத்தாழ ஐந்தரை டன்; நொடிக்கு 8 கோடித் துடிப்புகள்!

காலச் சக்கரம் சுழன்றது. 1989-இல் அவர் கண்ட நிறுவனத்திலேயே பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. ஒருபுறம் அவருடைய கிரே-3. அதன் சில்லுகள் காலியம் ஆர்சனைடு என்னும் புதுப்பொருளால் ஆனவை. வேகம் மிகுதி, ஆனால் செய்வது கடினம். செலவும் காலமும் நீண்டுகொண்டே போயின. மறுபுறம் சி-90. அது பழகிய சிலிக்கனால் ஆனது. வாடிக்கையாளரிடம் இருந்த நிரல்களும் அதற்குப் பொருந்தும். நிறுவனம் சி-90-ஐத் தேர்ந்தது. கிரே-3 தனி நிறுவனமாகப் பிரிந்து, கிரேயுடன் கொலராடோவில் வளர்ந்தது.

சி-90 1991-இல் வெளிவந்து விற்பனையானது. கிரே-3 ஒன்றே ஒன்று 1993-இல் அமெரிக்கத் தேசிய வளிமண்டல ஆய்வு மையத்தில் நிறுவப்பட்டது. விலை கொடுத்து வாங்குவார் எவருமில்லை. 1995-இல் அந்நிறுவனம் நொடித்தது. எழுபது வயதிலும் தளராத கிரே மறுபடி ஒரு நிறுவனம் தொடங்கினார். ஆனால் சாலை விபத்தொன்றில் காயமுற்று, 1996 அக்டோபர் 5-ஆம் நாள் மறைந்தார்.

எங்கள் வீட்டிலும் இருவரில் ஒருவரைத்தான் படிக்க வைக்க முடிந்தது. என்னைவிட நன்றாகப் படித்த அக்கா பள்ளியோடு நின்றார். நான் கல்லூரிக்கு வந்தேன். கைவிடப்பட்டவை எல்லாம் தாழ்ந்தவை அல்ல; கைப்பொருள் பற்றாமல் நின்றவையும் உண்டு. கிரேயின் வாழ்க்கை எனக்குச் சொன்னது இதுவே. தேர்வு பெற்றுவிட்ட நான், அக்காவுக்கும் சேர்த்துப் படிக்கக் கடமைப்பட்டவன்.