லாலி தளபதி

நம் பழவேற்காட்டில் டச்சுக்காரர் கட்டிய கோட்டையை அறிவீர்கள். தெற்கே சென்னைக் கோட்டைக்காக ஆங்கிலேயரோடு பொருதிய பிரெஞ்சுத் தளபதி லாலி. 1702-ல் பிரான்சில் பிறந்தவர். தகப்பனார் அயர்லாந்து நாட்டவர்.

1758 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்து, ஜூன் 2-ந் தேதியே கடலூரருகே செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தார். வீரத்துக்குக் குறைவில்லை, பொறுமைதான் இல்லை. பணத்துக்காகத் தஞ்சைமேல் படையெடுத்தவர், கீழ்வேளூர்க் கோயில் அர்ச்சகர்களை வேவுகாரர் என்று பழிசுமத்திப் பீரங்கிவாயில் கட்டிச் சுட்டார். இந்தப் பாவத்துக்கு நான் சமாதானம் சொல்லமாட்டேன்.

டிசம்பரில் சென்னையை வளைத்தார். இரண்டு மாதம் கழித்து ஆங்கிலக் கப்பல்கள் வரவே பின்வாங்கினார். 1760-ல் வந்தவாசியில் தோல்வி. 1761 ஜனவரியில், பட்டினியால் வாடிய புதுச்சேரியை ஒப்படைத்தார்.

மன்னருக்குத் துரோகம் செய்தாரென்று பாரிஸ் நீதிமன்றம் தீர்த்தது. 1766 மே 9-ல் வாயைக் கட்டிக் கொண்டுபோய்ச் சிரச்சேதம் செய்தார்கள். கொடுமை செய்தவர்தான்; துரோகியல்லர். மகன் விடாமல் வழக்காடி, 1778-ல் அத்தீர்ப்பை ரத்து செய்வித்தார்.