ஸர் ரொனால்ட் ராஸ்

நாமக்கல் சமவெளியினின்று கொல்லிமலையை நோக்குவோர் அதன் எழிலைக் கண்டு மகிழ்வர். ஆயினும் முற்காலத்தில் கீழ்நாட்டார் அம்மலையில் தங்க அஞ்சினர். குளிர்சுரம் பற்றும் என்பதே காரணம். சதுப்பு நிலத்தினின்று எழும் கெட்ட காற்றே இச்சுரத்தை விளைவிப்பது என மேனாட்டு வைத்தியரும் நெடுங்காலம் நம்பினர். மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லின் பொருளும் அதுவே. அக்கொள்கையை வீழ்த்தியவருள் தலைசிறந்தவர் ஸர் ரொனால்ட் ராஸ்.

இவர் 1857-ஆம் வருஷம் மே மாதம் 13-ஆந் தேதி இமயச் சாரலிலுள்ள அல்மோராவில் பிறந்தார். கவிதையிலும் சங்கீதத்திலும் நாட்டங்கொண்ட இவர், தந்தையின் விருப்பத்திற்கிணங்கி லண்டனில் வைத்தியம் பயின்று, 1881-இல் இந்திய வைத்திய உத்தியோகத்தில் அமர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார்.

அதற்கு முந்திய வருஷம் லாவெரான் என்னும் பிரெஞ்சு வைத்தியர் சுரநோயாளியின் இரத்தத்தில் ஒரு நுண்ணுயிரைக் கண்டிருந்தார். அஃது ஒருவரிடமிருந்து மற்றொருவரை அடைவது எங்ஙனம்? கொசுவுக்கு இதிற் பங்குண்டு என மான்ஸன் என்னும் அறிஞர் ஊகித்தார். அவ்வூகத்தை மெய்ப்பிக்க ராஸ் முனைந்தார். 1897-இல் நீலகிரியின் சீகூர்க் கணவாயில் ஆராயுங்கால் அச்சுரம் அவரையே பற்றியது. எனினும் தளரவில்லை. பின் ஸிக்கந்தராபாத்தில், பங்கா வீசினால் கொசுக்கள் பறந்துபோம் என்று கொடும் புழுக்கத்தையும் பொறுத்துப் பணியாற்றினார். ஹுஸேன்கான் என்னும் நோயாளி, கொசு ஒன்றுக்கு ஓரணா பெற்றுத் தம் உடலைக் கடிக்கக் கொடுத்தார். ஆகஸ்டு 20-ஆந் தேதி, அவ்வாறு இரத்தம் உண்ட கொசுவின் வயிற்றுச் சுவரில் அந்நுண்ணுயிரின் வளர்ச்சியை ராஸ் கண்டார். மறுவருஷம் கல்கத்தாவில் பறவைகளை ஆராய்ந்து, அது கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து கடியினாற் பரவுவதை நிறுவினார். மனிதரிடத்தும் அவ்வாறே என்பதை அவ்வாண்டே இத்தாலிய அறிஞர் காட்டினர். 1902-இல் ராஸுக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

ஆயினும் கொசுக்கள் அனைத்தையும் அழித்தல் இயலுமோ என்று பலர் எள்ளினர். அவ்வினாவுக்கு ராஸ் கணிதத்தால் விடை கண்டார். நோயாளியைக் கடித்த கொசு, நுண்ணுயிர் தன்னுள் முதிருமளவும் உயிர்வாழ்ந்து, பின்னரும் ஒரு மனிதனைக் கடித்தாலன்றி நோய் பரவாது. ஆதலின் ஓர் ஊரின் மக்கட்டொகையை நோக்கக் கொசுக்களின் தொகை ஓரளவிற்குக் கீழே குறையுமாயின், புதிதாய் நோயுறுவோரினும் குணமடைவோர் மிகுவர். நோயும் படிப்படியே ஒழியும். எல்லாக் கொசுவும் மடியவேண்டுவதில்லை. இக்கருத்தை 1911-இல் வெளிவந்த தம் நூற்பதிப்பில் சமன்பாடுகளால் விளக்கினார். கொள்ளைநோய்களின் போக்கை இன்று கணிக்கும் அறிஞரும் இவர் வகுத்த வழியையே பின்பற்றுகின்றனர்.

1932-ஆம் வருஷம் செப்டம்பர் 16-ஆந் தேதி ராஸ் லண்டனில் காலமானார். நோய் விதியன்று, எண்ணி அளந்து தடுக்கத்தக்கது என்பதே அவர் உலகிற்கு விட்டுச்சென்ற செல்வம். வீட்டருகே தேங்கிய நீரை வடிக்கும் ஒவ்வொரு மாணவனும் அச்செல்வத்திற்கு உரியவனாவான்.