தொழில் மேதை ஜி. டி. நாயுடு

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் சிற்றூரில், 1893ஆம் ஆண்டு உழவர் குடும்பத்தில் பிறந்தவர் ஜி. டி. நாயுடு. ஏட்டுக் கல்வியில் அவர் நாட்டம் செல்லவில்லை. உணவு விடுதியில் ஊழியம் புரிந்து சேர்த்த பணத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினார். அதனைக் கழற்றிப் பூட்டியே இயந்திர நுட்பம் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே பேருந்து ஓட்டினார். 1937இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து, இந்தியாவின் முதல் மின்மோட்டார் எனப் பெயர்பெற்றதை உருவாக்கினார். 1974இல் மறைந்தார்.

மோட்டாருக்குப் பெரும்பகை வெப்பம். வீட்டில் செய்த சிறு காரில் இருவர் ஏறினால் பாரம் மிகும்; மின்னோட்டமும் மிகும். மின்னோட்டம் இருமடங்கானால், செப்புக் கம்பிச் சுருளில் வெப்பம் நான்மடங்காகும். கம்பியின் காப்புறை கருகும். ஆதலின், மோட்டார் சுட்டால் உடனே நிறுத்துக; ஆறியபின் காரணம் ஆராய்க.

பெற்றோர்களே! கழற்றிப் பார்க்கும் பிள்ளையைக் குறும்பன் எனக் கடியாது, அருகிருந்து வழிகாட்டுங்கள். ஆயர் தாவார்த் தோட்டத்துப் பிள்ளைகளிலும் ஒரு நாயுடு தோன்றுவார் என நாம் நம்புகிறோம்.